மூடுபனியும் மூன்றாம் வகுப்பும்: மலைநாட்டுப் பயண எழுத்துப் பற்றிய ஒரு நோக்கு

1

பயண இலக்கியம் பற்றி நம்மிடையே நிகழ்ந்துள்ள விமர்சனங்களில் ஒரே வினாவே திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டு வந்துள்ளது. எழுதியவர் எதனைக் கண்டார், கண்டதனை எவ்வளவு அழகாகச் சொன்னார் என்பதே அது. அவர் எந்த வாகனத்தில் ஏறினார், எவருடன் அமர்ந்தார், எத்தனை மணிக்குச் சென்றடைந்தார் என்பன இலக்கியத்திற்குப் புறம்பான விவரங்கள் எனக் கொள்ளப்பட்டன. நமது கருத்தில், பயண எழுத்தின் உள்ளடக்கத்தை மட்டுமன்றி அதன் உருவத்தையும் நிர்ணயிப்பவை இவ்விவரங்களே. பயணி உலகினைக் காண்பது தான் அமர்ந்திருக்கும் ஆசனத்திலிருந்து. அவ்வாசனம் அவருக்குக் கிடைப்பதும் அவரது சமூக நிலையினாலேயே.

இதனை நிறுவுதற்கு நாம் தெரிந்துகொள்ளும் இடம் மத்திய மலைநாட்டின் உச்சிப் பகுதியான ஹோர்ட்டன் சமவெளியும் அதனை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையும் ஆகும். மூடுபனி, மலைக்காடு, பள்ளத்தாக்கு, அருவி எனப் பயணக் கட்டுரையாளர் விரும்பும் யாவும் அங்குண்டு. மலைநாடு பற்றிப் பத்திரிகைகளின் வாரப் பதிப்புகளிலும் மலர்களிலும் வெளிவரும் கட்டுரைகளில் மிகுதியாக வருணிக்கப்படும் இடங்களுள் அதுவும் ஒன்று. அங்கு பொதுப் போக்குவரத்தில் செல்பவர் எதனைக் காண்கிறார், எதனைக் காண இயலாதவராகின்றார், அக்காட்சி இலக்கியமாகும்போது என்ன நிகழ்கின்றது என்பனவே இக்கட்டுரையின் அக்கறைகள்.

2

முதலில் இடத்தினையும் வழியினையும் தெளிவுபடுத்திக் கொள்வோம்.

ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், 3,160 ஹெக்டேயர் பரப்பில் அமைந்துள்ள இச்சமவெளி சிங்கள மக்களிடையே மகா எலிய என வழங்கியது. 1834இல் பிரித்தானிய இராணுவத்தினர் இதனைக் ‘கண்டுபிடித்து’, அக்காலத் தேசாதிபதி வில்மட் ஹோர்ட்டனின் பெயரை அதற்கு இட்டனர். 1969இல் சரணாலயமாகவும், 1988இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாகவும் அமைந்தது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெரும் நதிகளின் தலைநீர் இப்பகுதியிலேயே ஊறுகின்றது. மரங்களின் கிளைகளிலும் பாசிகளிலும் படியும் மூடுபனி நீராகச் சொட்டி மண்ணிற் சேர்வதும் இவ்வூற்றின் ஒரு பகுதியாகும். மூடுபனி, எழுத்தாளருக்கு ஓர் உணர்ச்சிநிலையாக இருப்பினும், சமவெளிக்குக் கீழே வாழும் விவசாயிக்கு அது நீர்.

இவ்விடத்திற்குப் புகையிரதத்தில் செல்லும் வழி பட்டிப்பொல, ஒஹிய என்னும் இரு நிலையங்களால் அமைகின்றது. பேராதனைச் சந்தியிலிருந்து நாவலப்பிட்டி, ஹற்றன், தலவாக்கலை, நானுஓயா என ஏறும் வண்டி பட்டிப்பொலைக்கு அண்மையில் 6,200 அடியைக் கடந்து பாதையின் உச்சியை அடைகின்றது. அதற்கப்பால் ஒரு சுரங்கப்பாதை உண்டு. அதன் ஒரு வாயிலில் மழையும் மறுவாயிலில் வெயிலுமாக இருப்பதைப் பயணிகள் பலமுறை கண்டிருப்பர். இரு பருவக்காற்றுகளின் எல்லை அங்கே மலையூடாகச் செல்கின்றது. ஒஹிய நிலையத்தில் இறங்குபவர் சமவெளியின் மையமான பழைய வேட்டை விடுதியை அடைதற்கு ஏறத்தாழ 11 கிலோமீற்றர் ஏற வேண்டும். உலக முடிவு எனப்படும் செங்குத்துப் பாறையின் விளிம்பிற்கு அதற்கப்பாலும் சில கிலோமீற்றர் நடத்தல் வேண்டும்.

இங்கேதான் நமது வினாவுக்குரிய முதற் சான்று கிடைக்கின்றது. உலக முடிவின் பள்ளத்தாக்கு அதிகாலையிலேயே தெளிவாகத் தெரியும். காலை ஒன்பது அல்லது பத்து மணியளவில் கீழிருந்து மூடுபனி எழுந்து அதனை மூடிவிடுவது வழக்கம். நுவரெலியாவிலிருந்து வாடகை வாகனம் அமர்த்தி விடியுமுன் புறப்படுவோர் அக்காட்சியைக் காண்கின்றனர். காலையிற் பேராதனையில் புகையிரதம் ஏறுபவர் ஒஹியவில் இறங்கும்போது நண்பகல் கடந்துவிடும். இரவுத் தபால் வண்டியில் வந்து வைகறையில் இறங்குபவரும் மூன்று மணிநேரம் ஏறிய பின்னரே சமவெளியை அடைவர். விளிம்பினை அவர்கள் அணுகும்போது பெரும்பாலும் வெண்மை ஒன்றே எஞ்சியிருக்கும்.

நாமும் மாணவப் பருவந்தொட்டு இவ்வழியே சென்றுள்ளோம். அவ்வெண்மையைக் கண்டு திரும்பியுமுள்ளோம். நமது அதிர்ஷ்டக் குறைவு என்றே அன்று எண்ணினோம். பல ஆண்டுகள் சென்ற பின்னரே, அது நேர அட்டவணையின் விளைவு என்பது புலனாயிற்று. மூடுபனி அனைவருக்கும் பொதுவான இயற்கை நிகழ்ச்சி எனத் தோன்றினும், எவருக்கு அது விலகி நிற்கின்றது, எவருக்கு அது மூடிக்கொள்கின்றது என்பதனை இயற்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. உலக முடிவு பற்றிய கட்டுரைகளில் பள்ளத்தாக்கு எப்போதும் தெளிவாகவே காணப்படுவதன் காரணமும் இதுவே. அவை வாகனம் அமர்த்தியவர் எழுதியவை.

3

தமிழிலக்கிய மரபில் மலைவழிப் பயணம் புதியதொரு பொருளன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளில் முழுமையாக ஒரு மலைவழியையே பாடுகின்றது. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையுடன் எதிர்ப்படும் மற்றொரு கூத்தனுக்கு வழி கூறுவதாக அது அமைந்துள்ளது. கூத்தராற்றுப்படை என்னும் அதன் மறுபெயர் நமது ஆய்வுக்கு மிக முக்கியமானது.

இப்பாட்டில் வழி எவ்வாறு கூறப்படுகின்றது? தினைப்புனத்திற் பன்றிகளுக்கு வைத்த பொறிகள் எங்கே உள்ளன, காவலர் கவணால் எறியும் கற்கள் எத்திசையில் வரும், வழுக்கும் இடத்தில் எதனைப் பற்றிக்கொள்ள வேண்டும், இரவில் எங்கே தங்க வேண்டும், எந்தச் சிறுகுடியில் எவர் எதனை உண்ணத் தருவர் என்பனவெல்லாம் ஒழுங்காகச் சொல்லப்படுகின்றன. மலையின் ஓசைகளும் நீண்ட பட்டியலாகத் தொகுக்கப்படுகின்றன. அருவியின் ஒலியோடு தேனெடுக்கும் கானவரின் ஆரவாரமும், தினை குற்றும் பெண்களின் பாட்டும், புலி பாய்ந்த கணவரின் புண் ஆறப் பாடும் கொடிச்சியரின் குரலும் அங்கே கலந்து ஒலிக்கின்றன. நூலின் பெயரே இவ்வோசையினாற் பெற்றது. மலையின் அழகு அதில் வாழ்வோரின் உழைப்பிலிருந்தும் துயரிலிருந்தும் பிரிக்கப்படாமலே அங்கு கேட்கப்படுகின்றது.

குறிஞ்சியை வெறும் நிலக்காட்சியாகக் கொள்ளும் பிற்கால வாசிப்புக்கு இது மாறானது. ஆற்றுப்படை, வறியவன் ஒருவன் மற்றொரு வறியவனுக்குச் சொல்லும் பயண இலக்கியம். நடந்து வந்தவன் நடக்கப் போகின்றவனுக்குச் சொல்வது அது. சொல்பவன் தனது பரவசத்தை முன்வைப்பதில்லை. கேட்பவனின் காலடியையே முன்வைக்கின்றான். அதே வேளையில் அதன் எல்லையையும் நாம் மறைத்தலாகாது. வழியெல்லாம் மக்களைக் கண்ட கூத்தன் இறுதியில் மன்னனின் வாயிலையே சென்றடைகின்றான். மக்களின் விருந்தோம்பலும் மன்னனின் புகழாகவே முடிவிற் கணக்கிடப்படுகின்றது. நிலவுடைமை தோன்றிவந்த காலத்து இலக்கியத்தின் இயல்பு அது. எனினும் வழியைப் பொதுச்சொத்தாகக் கருதும் அதன் நோக்கு இன்றும் நமக்குப் பயன்படக்கூடியதே.

அந்நோக்கு முற்றாக அற்றுப்போகவுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னரும் சிறு பிரசுரங்களாக அச்சிடப்பட்ட வழிநடைச் சிந்துகள் ஊர்களையும் சத்திரங்களையும் கோயில்களையும் வழியொழுங்கிற் பாடின. அவற்றை இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பெரிதாக மதிக்கவில்லை. எனினும் பயணத்தைத் தனிமனித அனுபவமாகக் கொள்ளாது, பலரும் செல்லும் வழியாகக் கொண்ட மரபு அவற்றினூடாகவே நவீன காலம்வரை வந்துள்ளது.

4

ஆற்றுப்படையின் வழியிலிருந்து முற்றிலும் வேறான ஒரு பார்வையைக் குடியேற்ற ஆட்சி மலைநாட்டுக்குக் கொணர்ந்தது. 1855இல் வெளிவந்த சாமுவேல் பேக்கரின் இலங்கை பற்றிய நூல் அதற்குச் சிறந்த உதாரணம். நுவரெலியாவில் பண்ணை அமைத்து வாழ்ந்த பேக்கருக்கு உயர் சமவெளிகள் மரைகளை நாய்களுடன் துரத்தும் வேட்டைக்களங்களாகவே தோன்றின. இன்றும் ஹோர்ட்டன் சமவெளியின் அருவி ஒன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது. 1881–82இல் இலங்கையிற் பயணம் செய்த ஜேர்மன் உயிரியலாளர் ஏர்ண்ஸ்ட் ஹெக்கலின் கடிதங்கள் வேறு வகையானவை. அவரது கண் தாவரங்களையும் நிறங்களையும் நுணுகிக் காண்பது. ஆனால் வேட்டையாளர், விஞ்ஞானி ஆகிய இருவரிடத்தும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. சுமை தூக்குவோரும் வழிகாட்டுவோரும் இன்றி அவர்களது பயணம் நடந்திராது. எனினும் அம்மனிதர்கள் நூலின் நடுவே வருவதில்லை, அதன் ஓரங்களிலேயே நிற்கின்றனர்.

மலைக்காடு ‘மனிதர் தொடாத’ இயற்கை என்ற கருத்தும் இக்காலத்திலேயே வலுப்பெற்றது. உண்மையில் அக்காடு எஞ்சியிருப்பதற்கே ஒரு நிருவாக வரலாறு உண்டு. கோப்பிச் செய்கைக்காகக் கீழ்மலைகள் அழிக்கப்பட்டு வந்த காலத்தில், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைப் பேணுதல் வேண்டுமெனத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் ஆலோசனை கூறினார். அக்காட்டின் கீழெல்லை பெருந்தோட்டத்தின் மேலெல்லையாகும். ஒன்று மற்றொன்றின் மறுபக்கம். காட்டினைத் தூய இயற்கையாகவும் தோட்டத்தினைப் பசுமைக் காட்சியாகவும் வேறுவேறாகக் காணும் எழுத்து, இவ்விரண்டையும் பிரித்த கோடு யாரால், எதன்பொருட்டு இடப்பட்டது என்பதை அறியாத எழுத்தாகும்.

இருப்புப்பாதையின் வரலாறும் இதனுடன் பிணைந்தது. கண்டிக்கு 1867இலும், நாவலப்பிட்டிக்கு 1874இலும், நானுஓயாவுக்கு 1885இலும், பண்டாரவளைக்கு 1894இலும், இறுதியாகப் பதுளைக்கு 1924இலும் அது சென்றடைந்தது. கோப்பியைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்லத் தொடங்கப்பட்ட பாதை நானுஓயாவை அடையும்போது, 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி வீழ்ச்சியுற்றிருந்தது. தேயிலையே அதற்குச் சரக்காயிற்று. மனிதரை ஏற்றிச் செல்லுதல் அதன் இரண்டாவது பணியாகவே தொடங்கியது. மலை வளைவுகளில் அப்பாதை காட்டும் காட்சிகள் பயணிக்கெனத் திட்டமிடப்பட்டவையல்ல. சரக்கு வண்டி ஏறக்கூடிய சரிவினைத் தேடிய பொறியியலின் விளைவுகள் அவை.

அப்பாதையில் நெடுங்காலம் முதலாம் வகுப்புப் பயணிகளுக்கென ஒரு காட்சிப் பெட்டி வண்டியின் கடைசியில் இணைக்கப்பட்டிருந்தது. அதன் இருக்கைகள் பின்னோக்கியவை; கண்ணாடியூடாகக் கடந்துசென்ற மலைகள் விலகி விலகிச் சிறுத்துப் போவதை அங்கு அமர்ந்தவர் கண்டனர். மலைநாட்டு மனோரதிய எழுத்துக்கு இதனைவிடப் பொருத்தமான உருவகத்தை நாம் தேடவேண்டியதில்லை. எல்லாவற்றையும் கடந்த பின், எட்டிய தொலைவிலிருந்து, கண்ணாடியூடாகக் காணுதலே அப்பார்வையின் சாரம்.

5

இன்றைய தமிழ்ப் பயணக் கட்டுரை இவற்றுள் எந்த மரபினைப் பின்பற்றுகின்றது? ஆற்றுப்படையின் மொழியில் எழுதுவோர், காட்சிப் பெட்டியின் பார்வையையே பெரும்பாலும் பெற்றுள்ளனர் என்பது நமது அவதானிப்பு.

இக்கட்டுரைகளில் நிலைபெற்றுவிட்ட ஒரு தொடரை மட்டும் எடுத்துக்கொள்வோம். தேயிலை மலைகளைப் ‘பச்சைக் கம்பளம்’ என்பதே அது. கம்பளம் விரிக்கப்படுவது மிதிப்பதற்கு; அதில் மனிதர் இல்லை. ஆனால் தேயிலை இயல்பில் ஒரு மரம். அதனை அவ்வாறே விட்டுவிட்டால் பல அடி உயரம் வளர்ந்துவிடும். ஏறத்தாழ வாரத்திற்கொருமுறை கொழுந்து கிள்ளப்படுவதாலும், சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வெட்டப்படுவதாலுமே அது இடுப்பளவு உயரத்தில் சமமாக நிற்கின்றது. கட்டுரையாளர் தமது ஜன்னலிலிருந்து வியக்கும் அச்சமதளம், தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் விரல்கள் இட்ட தளமாகும். கம்பளம் என்னும் உருவகம் அவ்விரல்களை அழித்துவிடுகின்றது. உழைப்பின் அடையாளத்தையே இயற்கையின் அடையாளமாக மாற்றிக் காட்டுவது அதன் தொழில். இது அலங்காரக் குறைபாடு மாத்திரமன்று; பொருள் பற்றிய பிழையுமாகும்.

மூடுபனியும் இக்கட்டுரைகளில் இதே பணியைச் செய்கின்றது. அது வந்தவுடன் லயன்கள் மறைகின்றன, கொழுந்துக் கூடைகள் மறைகின்றன. கட்டுரையாளரின் மனம் மட்டும் மிஞ்சுகின்றது. கனவு, மௌனம், தனிமை ஆகிய சொற்கள் தொடர்கின்றன. மூடுபனிக்குள் வேலை நடந்துகொண்டிருக்கின்றது என்பதோ, குளிரும் ஈரமும் அட்டைக்கடியும் ஒரு நாட்சம்பளத்தின் நிபந்தனைகள் என்பதோ நினைவுக்கு வருவதில்லை.

உலக முடிவின் விளிம்பினை மீண்டும் நினைவுகூர்வோம். அதிகாலையில் அங்கு நின்று கீழே நோக்குபவர் காண்பது என்ன? பல நூறு மீற்றர் ஆழத்தில் ஒரு தேயிலைத் தோட்டம் தெரிகின்றது; அதன் கட்டடங்களும் வழிகளும் தெரிகின்றன. உலகம் முடிகின்றதெனப் பெயரிடப்பட்ட இடத்திற்குக் கீழே மக்கள் பிரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து வேலைக்குப் புறப்படுகின்றனர். பெயரிட்டவரின் உலகம் எங்கே முடிந்தது என்பதனை அப்பெயர் தானறியாமலே கூறிவிடுகின்றது. அங்கு நின்ற நமது கட்டுரையாளருள் ஒருவரேனும் இதனைப் பொருட்படுத்தியதாக நாம் படித்த அளவில் இல்லை.

மூன்றாம் வகுப்புப் பெட்டியின் உள்ளே என்ன நிகழ்கின்றது? கொழும்பிற் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் இளைஞரும் யுவதிகளும் தீபாவளிக்கு ஊர் திரும்புகின்றனர். நிற்கவும் இடமின்றி வாயிலருகே மூட்டைகளின்மேல் அமர்ந்திருக்கின்றனர். நுவரெலியா வைத்தியசாலைக்குச் செல்லும் முதியவளின் மடியில் நோய்க்குறிப்புப் புத்தகம் இருக்கின்றது. ஒரு நிலையத்தில் ஏறி இரண்டாவதில் இறங்கும் ஆசிரியர்களும், வடையும் கடலையும் விற்போரும் உள்ளனர். தமிழும் சிங்களமும் ஒரே ஆசனத்திற் பேசப்படுகின்றன. மரக்கறி விலை, மழை, தோட்டக் கணக்கப்பிள்ளை, வெளிநாடு சென்ற மகள் எனப் பேச்சு செல்கின்றது. ஜன்னலுக்கு வெளியே உள்ள மலையைப் பற்றிய உண்மையான அறிவு ஜன்னலுக்கு உள்ளேயே அமர்ந்திருக்கின்றது. கட்டுரையாளர் அதற்கு முதுகு காட்டிக்கொண்டு வெளியே நோக்குகின்றார்.

6

மலையக இலக்கியத்தில் பயணம் முற்றிலும் வேறொரு பொருளைப் பெறுகின்றது. அங்கு பயணம் உல்லாசமன்று. ஒரு மக்கட்கூட்டத்தின் தோற்றமும் சிதைவும் பயணங்களாகவே நிகழ்ந்தன. இருப்புப்பாதைக்கு முன்னர் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டினூடாக நடந்த தொழிலாளரின் வழி, கொள்ளைநோயினாலும் பசியினாலும் மாண்டவரின் வழியாகவும் இருந்தது.

சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளிவந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ போன்ற தொகுப்புகள் நமக்கு இங்கு பெரிதும் உதவுகின்றன. தோட்டப்புறங்களில் வழங்கிவந்த ஒரு பாடல், தொலைவிலே தெரியும் மலையைச் சுட்டிக்காட்டி, தமையனைப் பறிகொடுத்த மலை அதுவே எனக் கூறுகின்றது. இதுவும் ஒரு காட்சிமுனைதான். இங்கும் ஒருவர் நின்று மலையைக் காண்கின்றார், பிறரையும் காணச் சொல்கின்றார். ஆனால் இம்மலை அவருக்கு வரலாறு உடையது. அதில் ஓர் உறவினரின் உடல் உண்டு. இவ்விரு காட்சிமுனைகளையும் அருகருகே வைத்து நோக்குதல் மலைநாட்டு எழுத்து பற்றிய விமர்சனத்தின் முதற் கடமை என்போம்.

1930களில் புதுமைப்பித்தன் எழுதிய ‘துன்பக் கேணி’ இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. அவர் இலங்கையைக் கண்டவரல்லர். எனினும் நேரிற் கண்டு எழுதிய பல கட்டுரையாளருக்குப் புலப்படாத தோட்ட வாழ்வின் கொடுமை அவருக்குப் புலப்பட்டது. எங்கிருந்து, எவரிடமிருந்து கேட்டறிகின்றோம் என்பது கண்ணாற் காண்பதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பதற்கு இக்கதை சான்று. 1964இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் நாவலுக்கு அமைந்த ‘தூரத்துப் பச்சை’ என்னும் பெயரோ, இக்கட்டுரை முழுவதிலும் நாம் கூற முயல்வதை இரு சொற்களில் அடக்கிவிடுகின்றது. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது பழமொழி. அருகிற் சென்றவளின் கதையே அந்நாவல். என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ அக்குளிர்ச்சியைக் கூடையின் எடையால் அளக்கின்றது.

இம்மக்கள் ஏறிய புகையிரதத்தின் மற்றொரு பயணமும் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மலைநாட்டு நிலையங்களில் ஏறித் தலைமன்னார் நோக்கிச் சென்ற அவ்வண்டியை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். உல்லாசப் பயணி இறங்கும் அதே மேடைகளிலேயே அவர்கள் உறவினரைக் கட்டியழுது ஏறினர். பொதுப் போக்குவரத்து என்னும் சொல்லிலுள்ள ‘பொது’ எவரைக் குறித்தது என்ற வினா அங்கே எழுகின்றது. அவ்வண்டியில் அவர்களுக்கு ஆசனம் இருந்தது. நாட்டில் இடம் இருக்கவில்லை.

7

நமது கருத்துக்கு எதிராகச் சில மறுப்புகள் கூறப்படலாம். அவற்றையும் நேர்மையாக எதிர்கொள்ளுதல் வேண்டும்.

அழகினை நாம் மறுக்கின்றோமா என்பது முதலாவது. அவ்வாறன்று. மலைச்சரிவிற் செங்காந்தமாய்ப் பூக்கும் ரொடொடென்ரன் மரமும், சுரங்கப்பாதையின் மறுவாயிலில் திடீரெனத் திறக்கும் ஊவாவின் வெளியும் உண்மையான அழகுகள். தோட்டத்துப் பெண் அவற்றைக் காண்பதில்லை எனக் கருதுவது நமது ஆணவமே. அவளது பாடல்களில் மலையும் மழையும் பூவும் உண்டு. வேலையினின்றும் பிரிக்கப்பட்ட அழகாக அவை அங்கு வருவதில்லை என்பதே வேறுபாடு. முற்போக்கு விமர்சனம் அழகினை வசதியுடையோரின் உடைமையாக விட்டுக்கொடுத்தல் தவறு. அதனை மீட்டெடுத்தல் வேண்டும்.

காட்டினை வர்க்கப் பிரச்சினையாகச் சுருக்குதல் சரியா என்பது இரண்டாவது. இம்மறுப்பில் உண்மை உண்டு. உற்பத்தி உறவுகளை மட்டுமே நோக்கிய நமது முன்னைய விமர்சனம் மலைக்காட்டின் உயிரியல் வாழ்வைப் போதியளவு கருத்திற் கொள்ளவில்லை. ஹோர்ட்டன் சமவெளியின் காட்டு மரங்கள் பல இடங்களிற் பட்டுப்போய் வருவது பல ஆண்டுகளாக அவதானிக்கப்பட்டுள்ளது. நதிகளின் ஊற்றுக்கண் அது என்பதனை மேலே கூறினோம். காடு அழியுமாயின் முதலிற் பாதிக்கப்படுவோர் கீழ்ச்சரிவில் வாழும் உழைப்பாளரே. ஆகவே காட்டின் பாதுகாப்பையும் மக்களின் உரிமையையும் எதிரெதிராக நிறுத்துவதை நாம் ஏற்பதற்கில்லை.

மூன்றாவது மறுப்பு நம்மை நோக்கியது, அதுவே கடுமையானது. மூன்றாம் வகுப்பில் ஏறிவிட்டால் உண்மை தானாகக் கைவருமா? வராது. சக பயணியின் வறுமையையும் ஓர் அழகுக் காட்சியாக்கிவிட முடியும். அண்மைக்கால எழுத்துகள் சிலவற்றில் ‘சிரித்த முகத்துடன் கையசைத்த கொழுந்துப் பெண்’ பச்சைக் கம்பளத்தின் இடத்தைப் பிடித்துள்ளார். அவருடைய பெயர் இல்லை, சம்பளம் இல்லை, அவர் சொன்ன ஒரு வாக்கியமும் இல்லை. பேராதனை வளாகத்தை ஒட்டியே சரசவி உயன என்னும் தரிப்பிடம் உள்ளது. மலைநாட்டு வண்டி செல்லும் சந்தி அங்கிருந்து எட்டும் தொலைவிலேயே. எனினும் நமது ஆய்வுகளில் எத்தனை அவ்வண்டியில் ஏறிச் சென்று திரும்பின என்பதை நாமே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். ஆசனம் ஒரு வாய்ப்பினைத் தருகின்றது. அருகில் இருப்பவரை நோக்கித் திரும்புதல் எழுத்தாளர் செய்ய வேண்டிய காரியம்.

8

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையாலும் மண்சரிவுகளாலும் மலைநாட்டு இருப்புப்பாதை பல இடங்களிற் சிதைந்தது, வீதிகளும் துண்டிக்கப்பட்டன. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பேரிழப்புக்கு உள்ளாயின. பாதை நின்றபோது உல்லாசப் பயணி தமது பயணத்தை ஒத்திவைத்தார். மலைமக்கள் ஒத்திவைக்கக் கூடியது எதுவும் இருக்கவில்லை. வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் சந்தைக்கும் செல்லும் வழியே அற்றுப்போயிற்று. மலைநாட்டுப் பாதையை அழகின் பாதையாக மட்டும் எழுதிவந்த எழுத்து, அப்பாதை அறுந்தபோது சொல்வதற்கு ஒன்றுமின்றி நின்றது.

நமக்கு இன்று தேவைப்படுவது புதியதோர் ஆற்றுப்படை. மன்னனின் வாயிலில் முடியாத ஆற்றுப்படை அது. எந்த வண்டி எப்போது புறப்படும், எந்த நிலையத்திற்கப்பால் பஸ் இல்லை, எத்தனை மைல் நடக்க வேண்டும், வழியில் எவர் வாழ்கின்றனர், அவர்கள் அம்மலையை எப்பெயரால் அழைக்கின்றனர், அங்கு எவரை இழந்தனர் என்பவற்றைப் பின்வருபவருக்குச் சொல்வதாக அது அமைதல் வேண்டும். பயண எழுத்தை மதிப்பிடும் விமர்சகரும் இனி நடையழகினை வினவுவதோடு நின்றுவிடாது, கட்டுரையாளரின் பயணச்சீட்டையும் கேட்டுப் பார்த்தல் நன்று.

பகல் இரண்டு மணிக்கு ஒஹிய நிலையத்தில் இறங்குபவருக்கு உலக முடிவு தெரியப்போவதில்லை. ஆனால் அவருடன் இறங்கிய ஒருத்தி, அரிசிப் பையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, மூடுபனிக்குள் ஒற்றையடிப் பாதையொன்றில் திரும்புகின்றாள். அப்பாதை எங்கே செல்கின்றது என அவளிடம் கேட்பதிலிருந்து நமது மலைநாட்டுப் பயண இலக்கியம் தொடங்கலாம்.